அக்ராவில் நான் மறுத்த சம்பந்தம்

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை நான் தொடங்கப் போவதில்லை. நேற்று டெலிபோனில் எதையோ மென்றபடியே என்னோடு கதைத்தாய். சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறவன் நலமாகத்தான் இருப்பான். நானும் நலம். வீட்டுக்கு வரும் த்ரீ கிங்ஸ் ஏற்றத்தில் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. அது எனக்கும் முழங்காலுக்கும் இடையில் உள்ள விவகாரம், நீ தலையிட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில், மரவள்ளிக் கிழங்குக் குவியலுக்கு முன்னால் நின்று நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அந்த டொங்காப் பிள்ளை மெலேயைக் கலியாணம் செய்யப் போகிறாய் என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்திருந்தாய். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அன்றைக்கு, இரண்டு கையிலும் பையோடு, பின்னால் ஆட்கள் கிழங்குக்குக் காத்து நிற்க, "அம்மா, கலியாணத்துக்கு நீங்கள் வருவியளோ மாட்டியளோ? ஒண்டைச் சொல்லுங்கோ" என்றாய். பெற்ற தாயைக் கலியாணத்துக்குக் கூப்பிடுகிற இடமா அது? எழுத்தில் பதில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கத்தரிக்காய்ப் பக்கம் போய்விட்டேன். அம்மா கோபத்தில் இருக்கிறா என்று நீ மெலேயிடம் இங்கிலிஷில் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு இங்கிலிஷ் விளங்கும் என்பதை நீ அடிக்கடி மறந்துவிடுகிறாய்.

அது கோபம் இல்லை. முக்கியமான பதிலை வாயால் சொல்லக் கூடாது, எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று கொன்வென்டில் எங்கள் மதர் சொல்லுவார். எழுதும்போது பாதிக் கோபம் எழுத்துப் பிழையைத் திருத்துவதிலேயே செலவாகிவிடுமாம். நான் இன்றுவரை அப்படித்தான் நடக்கிறேன். உன் அப்பாவோடு சண்டை என்றால் காலையில் சமையலறை மேசையில் என் கடிதம் இருக்கும். அவர் ஒருநாளும் பதில் எழுதியதில்லை. என் கடிதத்தில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதைவிடப் பெரிய அவமானம் எந்தப் பெண்ணுக்கும் நேரக் கூடாது.

ஆகவே இது உன் கேள்விக்கான பதில். ஆனால் பதிலுக்கு முன்னால், போன வருடம் நான் அக்ராவில் உன் அக்காவின் வீட்டில் இருந்தபோது நடந்த ஒன்றை நீ முழுதாகக் கேட்க வேண்டும். உன் அக்கா பாதியைச் சொல்லியிருப்பாள், அதுவும் விழுந்து விழுந்து சிரித்தபடி. அந்தச் சிரிப்பில் விடுபட்ட பாதியை நான்தான் சொல்ல வேண்டும்.

உனக்குப் பெண் தேடி நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். உன் சாதகத்தில் எட்டில் செவ்வாய். கொழும்பிலிருந்து உன் மாமா அந்தச் சாதகத்தை ஃபக்ஸில் அனுப்பியபோது, கோடுகள் இழுபட்டு, செவ்வாய் ஏழில் வந்து நின்றது. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம். ஏழில் நின்றாலும் குற்றம்தான் என்று பார்த்தவர் சொல்லிவிட்டார். இயந்திரம் உதவிக்கு வந்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு ரொறன்ரோ, லண்டன், மவுன்ட் ரோஸ்கில் என்று எத்தனை வீட்டோடு கதைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கிரகம் குறுக்கே வந்து நின்றது. இதையெல்லாம் நம்புகிறியளோ என்று நீ கேட்பாய். உன் அப்பாவுக்கும் எனக்கும் பத்தில் ஒன்பது பொருத்தம். பொருந்தாமல் போன அந்த ஒன்றை வைத்துத்தான் நாங்கள் முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தினோம். நம்பிக்கை வேறு, அனுபவம் வேறு.

அக்ராவுக்குப் போகும்போதும் உன் சாதகத்தின் பிரதி ஒன்று என் கைப்பையில் இருந்தது. கானாவில் இதை யாருக்குக் காட்டப் போகிறியள் என்று உன் அக்கா கேட்டாள். உலகத்தில் எங்கே போனாலும் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருக்கும் என்றேன். இருந்தது. உன் அத்தான் வேலை செய்யும் தண்ணீர்த் திட்டத்தில் விசாரித்தபோது, அது உன் அக்காவின் குடும்பம் என்று தெரிந்தது.

அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. அவர்கள் வீட்டில் சமைக்கும் பெண்ணுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரு கிழமைக்குள் மனத்தாங்கலாகிவிட்டது. உடனே உன் அக்கா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், அந்நாட்டின் முதல் தலைவருக்காகக் கட்டியிருக்கும் நினைவுப் பூங்காவின் வாசலில் இறக்கிவிட்டாள். மத்தியானம் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். என்னை ஒரு பெரிய மனிதரிடம் ஒப்படைத்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

அழகான இடம், தம்பி. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அவர்கள் குதிரையேறிப் பந்தடித்த மைதானம் அது. அங்கே நின்றுதான் அந்தத் தலைவர் நாட்டின் சுதந்திரத்தை அறிவித்தாராம். அங்கேதான் இப்போது அடங்கியும் இருக்கிறார். நடைபாதையின் இரண்டு பக்கமும் நீர்த்தொட்டிகளில் சிலைகள் வரிசையாக இருந்து கொம்பு ஊத, கொம்பிலிருந்து தண்ணீர் வருகிறது. நடுவில் அவருடைய சிலை, ஒரு கையை நீட்டி, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தபடி. அதற்குப் பின்னால் பளிங்கு மண்டபம். அடக்கம் செய்த இடம், பெரிய மனிதர், வேறெப்படி உள்ளே போவது? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தேன். பத்து மணி வெயிலில் பளிங்கு தோசைக்கல்லாக இருந்தது. என் வயதுப் பெண் பொது இடத்தில் நடனம் ஆடக் கூடாது. ஆடினேன்.

"உங்கள் செருப்பு கடிக்கிறதா?" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், நீலப் பூப்போட்ட கவுன், சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. கடிக்கவில்லை, இது மரியாதை என்றேன். "இங்கே மரியாதை கொஞ்சம் சுடும். நிழல் பக்கமாக வாருங்கள்" என்றார். அவருடைய பெயர் மிஸஸ் மென்சா. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சில காலைகளில் வந்து, வருகிறவர்களுக்கு அந்த இடத்தைச் சுற்றிக் காட்டுவார். நாங்கள் இங்கிலிஷில்தான் கதைத்தோம். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக்கூட அவர் விழுங்கவில்லை. சிஸ்டர்மாரிடம் படித்தவர் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். நான் முதுகை நிமிர்த்தி நின்றதைப் பார்த்து அவரும் என்னைக் கண்டுபிடித்திருப்பார். அவரும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மத்தியானம்வரை கூனவில்லை. எனக்கு இரண்டு நாள் இடுப்பு வலி.

அருங்காட்சியகத்துக்குள் அந்தத் தலைவருடைய உடுப்புகள், புத்தகங்கள், உலகத் தலைவர்களோடு எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அவரும் மனைவியும் இருக்கும் படத்துக்கு வந்தோம். அந்தப் பெண் எகிப்து தேசத்தவர் என்றும், கலியாணம் நடந்தபோது அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இருக்கவில்லை என்றும் மிஸஸ் மென்சா சொன்னார். நான் உடனே, "தலைவருடைய தாய் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது. இங்கே வருகிறவர்கள் அவர் கட்டிய அணைக்கட்டைப் பற்றிக் கேட்பார்கள், ஆட்சி கவிழ்ந்ததைப் பற்றிக் கேட்பார்கள். இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை" என்றார். பிறகு, "உங்களுக்கு ஒரு மகன் இருக்கிறார்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை, நோயைக் கண்டுபிடித்த டொக்டர் மாதிரிச் சொன்னார். இருக்கிறான், நியூசிலாந்தில், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை என்றேன். கலியாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"எந்தக் கிழமையில் பிறந்தவர்?" என்று கேட்டார்.

தம்பி, என் நிலையில் உன்னை வைத்துப் பார். கலியாணம் ஆகாத பொடியன் எந்தக் கிழமையில் பிறந்தான் என்று நம்முடைய ஆட்களில் யார் கேட்பார்கள்? வீட்டில் பெண்ணை வைத்திருக்கிறவர்தான் கேட்பார். செவ்வாய் என்றேன். "ஓ, செவ்வாய். எங்கள் கரையோர மீனவர்கள் செவ்வாய்க்கிழமையில் வலையைத் தொட மாட்டார்கள்" என்றார். செவ்வாயைப் பற்றி இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! எங்கள் பக்கத்திலும் செவ்வாயில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டேன். குற்றத்தை மறைத்துச் சம்பந்தம் பேசுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை, சிரித்தார். பெருந்தன்மையான இடம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து என்னுடைய கிழமையைக் கேட்டார். சனி என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "அப்படியென்றால் நீங்கள் அமா" என்றார். என் காதில் அது அம்மா என்றே விழுந்தது. என் வயதுக்காரர், என்னைவிட ஒரு முழம் உயரமானவர், தமிழ் ஒரு சொல் தெரியாதவர், என்னைக் கூப்பிடுவதற்காக எங்கேயோ விசாரித்து அந்தச் சொல்லைப் பழகியிருக்கிறார். பெண் வீட்டார்தான் இந்த அளவுக்குப் பணிவார்கள்.

கடைசியில் எல்லாம் உறுதியாகிவிட்டது. "வருகிற சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். என் பெண்களைப் பார்க்கலாம். அன்றைக்குச் சமையல் முழுவதும் அவர்கள்தான்" என்றார். பெண்கள் என்று பன்மையில் சொன்னார். தெரிவை நம்மிடமே விட்டுவிட்டார் போல.

உன் அக்காவிடம் நான் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே உனக்கு டெலிபோன் அடித்திருப்பாள். ஒரு நாள் முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கேயோ பிறந்து வளர்ந்த ஒரு தலைமை ஆசிரியை, நான் நிற்கிற நிலையைப் பார்த்தே என் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று கணித்துவிட்டார் அல்லவா? இரண்டாம் நாள் பயம் பிடித்தது. இதற்கு எப்படிச் சம்மதிப்பது? எப்படி மறுப்பது? சனிக்கிழமைவரை காத்திருக்கவும் முடியாது. பேசி முடியாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. சோறு சாப்பிட்டு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, உங்கள் பெண் வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள்?

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில், அந்தப் பூங்கா எனக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று உன் அக்காவிடம் சொல்லி மறுபடியும் போனேன். மிஸஸ் மென்சா பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சப் பேரை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அதே கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் வீட்டுச் சம்பந்தம் எங்களுக்குக் கிடைத்த கௌரவம். ஆனால் சாதகப் பொருத்தம் இல்லாததால் இதை மேற்கொண்டு பேச முடியாத நிலை. உங்கள் பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். மிஸஸ் மென்சா தலையைக் கொஞ்சம் சரித்து, பிள்ளை பாடம் ஒப்புவிப்பதைக் கேட்பதுபோலக் கடைசிவரை கேட்டார்.

"எந்தப் பெண்?" என்றார்.

"உங்கள் பெண்."

"எனக்குப் பெண் இல்லை. ஒரே ஒரு மகன். கப்பலில் வேலை."

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. அங்கே பிறந்த கிழமையை யாரைப் பார்த்தாலும் கேட்பார்களாம். ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் பிறந்த கிழமையே ஒரு பெயர். சனிக்கிழமையில் பிறந்த பெண்ணுக்கு அமா. என்னைப் போல எத்தனையோ ஆயிரம் அமாக்கள் அந்த ஊரில் மீன் விற்கிறார்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். உள்ளே பளிங்கில் அடங்கியிருக்கும் தலைவருடைய பெயருக்கும் சனிக்கிழமைக்காரர் என்றுதான் பொருள். நான் பிறந்த கிழமையை என் தாய் எனக்குப் பொருத்தம் பார்த்த காலத்தில் அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமலே சமாளித்தார். இங்கே ஒரு தேசத்தின் தந்தை அதையே பெயராகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்தப் 'பெண்கள்' யார் என்று கேட்டேன். அவரிடம் படித்த பழைய மாணவிகள். தம்பி, இந்த இடத்தில்தான் எனக்குப் பூமி பிளக்கவில்லையே என்று இருந்தது. கொன்வென்டில் நான் படித்த காலம் முழுவதும் மதர் எங்களை 'என் பெண்கள்' என்றுதான் சொல்லுவார். அதை மறந்த எனக்கு எந்தத் தண்டனையும் போதாது.

மிஸஸ் மென்சா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மாட்டினார். என்னைப் பார்த்ததும் மறுபடியும் கழற்றினார். கடைசியில் ஒருவாறு அடங்கி, "ஒன்று கேட்கிறேன். எனக்கு ஒரு பெண் இருந்து, நானும் உண்மையாகவே கேட்டிருந்தால், என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள்?" என்றார்.

"சாதகம்" என்றேன்.

"அவளுடைய சாதகத்தைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"அவளைப் பார்த்தீர்களா?"

நான் படத்தில் இருந்த எகிப்துப் பெண்ணைப் பார்த்தேன்.

"அவள் பிறக்கவே இல்லை. பிறக்காத பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொன்ன மாமியாரை நான் இதுவரை கண்டதில்லை" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பரீட்சையில் ஒரு புதுவிதமான பிழையைக் கண்ட ஆசிரியையின் ஆர்வம்தான் அந்தக் குரலில் இருந்தது. அடுத்த நாள் நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய பெண்கள் பன்னிரண்டு பேரும் பாட்டிமார். நன்றாகக் கை நனைத்தேன், முழங்கைவரை. அங்கே எல்லாமே குழம்பில்தான் மிதக்கிறது.

இப்போது மெலேயிடம் வருகிறேன். நீ அவளை முதல் தடவை கூட்டிவந்தபோது, சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள், அதைக் கவனித்தேன். நீ இன்றுவரை கழற்றியதை ஒழுங்காக வைத்ததில்லை. அவள் உன்னுடையதையும் எடுத்து நேராக வைத்தாள். பிறகு என் முழங்காலைப் பிடித்துப் பார்த்து, நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பிப் பழக வேண்டும் என்றாள். செய்வீர்களா என்று கேட்கவில்லை, செய்ய வேண்டும் என்று சொன்னாள். பிசியோதெரபி படித்தால் பெரியவர்களை அதட்டலாமா என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்படி அதட்டுகிற ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும் என்பது பிறகுதான் விளங்கியது.

கலியாணத்தை நீ அறிவித்த அன்றைக்கே உட்கார்ந்து மறுப்புக் கடிதம் எழுதத் தொடங்கினேன். பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று எழுதினேன். இங்கே வளரும் உன் மாமாவின் பேரப்பிள்ளைகள், தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்து உரும்பிராய், நான் "சாப்பிட்டியளோ?" என்று கேட்டால் "யே, நா" என்கிறார்கள். அது ஓமா இல்லையா என்றுகூட எனக்கு விளங்குவதில்லை. அந்த வரியை அடித்தேன். வேறு சமயம் என்று எழுதினேன். சைவப் பிள்ளையாகப் போய் வேதாகமப் பாடத்தில் வருடா வருடம் முதல் பரிசு வாங்கியவளின் கையெழுத்தில் அந்த வரி நன்றாக இல்லை. அடித்தேன். சனம் என்ன சொல்லும் என்று எழுதினேன். ஆனால் சனம் சொல்லி முடித்துவிட்டு, தகனினியில் நீ வாங்கியிருக்கும் வீட்டுக்கு மோர்ட்கேஜ் எவ்வளவு என்ற அடுத்த விஷயத்துக்கு எப்போதோ போய்விட்டார்கள். அதையும் அடித்தேன். சாதகம் என்று எழுதப் பேனாவை எடுத்தபோது மிஸஸ் மென்சா சிரிப்பது கேட்டது. வைத்துவிட்டேன். கடைசியாக ஒரு காரணம் மிஞ்சியது, அவளைப் பார்த்தவுடனே கண்ணில் படுகிற காரணம். அதை நல்ல தமிழில் எழுத முடியவில்லை. பல விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அது நான் படித்த பள்ளிக்கூடத்தில் எழுதக் கூடிய வசனமாக இல்லை. எழுத முடியாததை வாயாலும் சொல்லக் கூடாது. நான் ஒரு மாதம் பேசாமல் இருந்தது அதனால்தான்.

ஆனால் உன்மேல் எனக்கு ஒரு குறை இருந்தது. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் நல்ல தமிழில் எழுதுவேன். நீ யாரையும் ஒன்றும் கேட்பதில்லை, தம்பி. அறிவிக்கிறாய். பல்கலைக்கழகத்தில் பாடத்தை மாற்றிவிட்டு அறிவித்தாய். நியூசிலாந்து விசா வந்த பிறகு அறிவித்தாய். அப்பா உயிரோடு இருந்தபோது, அவருடைய சைக்கிளை விற்றுவிட்டு, வாங்கியவர் அதில் ஏறிப் போகும்போது அறிவித்தாய். நாளைக்கு மெலேயிடமும் இப்படி நடந்தால், அவள் என்னைப் போலக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டாள். கேட்கப் பழகு. கேட்டபின் பதில் வரும்வரை காத்திருக்கவும் பழகு. முதலாவது கஷ்டம், இரண்டாவது அதைவிடக் கஷ்டம்.

பேனாவை எடுக்குமுன் இதை மனத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மெலேயின் தாயை யார் கேட்டார்கள்? எங்கள் முறைப்படி பெண் கேட்டுப் போக நான் ஏற்ற ஆள் இல்லை. புருஷனை இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னுக்குப் போகக் கூடாது என்பார்கள். சரி, வேறு யார் போவது? உன் மாமா கொழும்பில் இருக்கிறார், உன் அத்தான் அக்ராவில் இருக்கிறார். ஆகவே நேற்று முன்தினம், ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, நான் கட்டாமல் வைத்திருந்த அரக்குச் சேலை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துத் துணியால் மூடி, இரண்டு பஸ் மாறி மாங்கரேயில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெற்றிலை கிடைக்கவில்லை. மூலைக்கடை டேரிக்காரப் பொடியன், வெற்றிலை என்றால் என்ன என்று கேட்டான். விளக்கியபின் கீரை ஒரு கட்டு இருக்கிறது என்றான். தட்டில் கீரை வைக்கிற அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

மெலேயின் தாய் தையல் மெஷினில் இருந்து எழும்பி, வாயில் குண்டூசிகளோடு கதவைத் திறந்தார். அவரும் கணவரை இழந்தவர் என்று உனக்குத் தெரியும். நான் இன்னாருடைய தாய், உங்கள் மகளை என் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திவிட்டு, "பிள்ளைகள் மண்டபம்கூடப் பதிவு செய்துவிட்டார்களே" என்றார். "அது அவர்களுடைய வேலை. இது எங்களுடைய வேலை" என்றேன். என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. அவமானப்படுத்திவிட்டேனோ என்று நினைத்தேன். வந்தபோது கறுப்பு உடுப்பு உடுத்தி, இடுப்பில் பின்னிய பாய் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார். டொங்கா ஆட்கள் மரியாதையான காரியங்களுக்கு அப்படித்தான் கட்டுவார்களாம். எனக்கு எதிரே நேராக இருந்து, "இனிச் சொல்லுங்கள். தொடக்கத்தில் இருந்து" என்றார்.

தொடக்கத்தில் இருந்து சொன்னேன். நான் முடித்ததும், "இந்த ஒரு மாதமாக இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்றார். அதற்குப் பிறகு கேள்விகள் தொடங்கின. குடிப்பானா? கோபக்காரனா? இத்தனை வயதுவரை ஏன் கலியாணம் ஆகவில்லை? கிரகத்தை விளக்க முயன்றேன். நமக்கே விளங்காததை இங்கிலிஷில் விளக்குவது இன்னும் கஷ்டம். நல்ல பிள்ளை, உழைப்பாளி, ஈரத் துவாயைக் கட்டிலில் போடுவான் என்றேன். குறையை மறைத்துச் சம்பந்தம் பேசுவதில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? வாழைப்பழத்தை அவர் உரித்தார், ஜெபம் சொன்னார், நானும் கூடச் சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னதில் அவருக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை.

தம்பி, இனித்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். தான் மட்டும் சம்மதம் சொல்ல முடியாது என்றார். அவர்களுடைய வழக்கத்தில் பெண்ணின் தகப்பனுடைய மூத்த சகோதரிக்குத்தான் பெரிய இடமாம். அங்கேயும் அத்தைதான். அந்த அத்தை டொங்காவில் இருக்கிறா. முறையாக யாரும் வந்து கேட்காததால், இதுவரை அவவுக்கு முறையாக ஒன்றும் சொல்லவில்லையாம். இனிச் சொல்லி, அவ யோசித்து, பதில் சொல்லுவா. எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டேன். அது அவவைப் பொறுத்தது என்றார். மண்டபம் பதிவு செய்த நாளை நினைவூட்டினேன். "அது பிள்ளைகளுடைய வேலை" என்றார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: வருவேன், முன்வரிசையில் இருப்பேன், அரக்குச் சேலையைக் கொடுத்துவிட்டதால் நீலத்தைக் கட்டுவேன். ஆனால் கலியாணம் நடக்குமா என்பது இனி என் கையிலும் இல்லை, உன் கையிலும் இல்லை. பதில் வரும்வரை அழைப்பிதழ் ஒன்றையும் தபாலில் போடாதே. ஞாயிற்றுக்கிழமை மெலேயின் அம்மாவோடு தேவாலயத்துக்குப் போ. சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு உடுத்து, தலையைச் சீப்பால் ஒழுங்காக இழுத்துப் போ. பாட்டுத் தெரியாவிட்டாலும் வாயைத் திற. அத்தை டெலிபோனில் கதைக்க வேண்டும் என்றால் எதையும் மெல்லாதே. இதையெல்லாம் செய்தும் அவ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மனத்தைத் தளரவிடாதே.

நான் திரும்பவும் போய்க் கேட்பேன்.

அம்மா